ஒலிக்கு இடம் தந்தவர்: ஆலன் புளூம்லைன்

மேற்கத்தியச் செவ்விசையில் சேம்பர் மியூசிக் என்றொரு வகை உண்டு. நூறு வாத்தியங்கள் கூடிய பெருங்குழுவோ, கோல் பிடித்து அதை நடத்துபவரோ அதற்கு வேண்டுவதில்லை. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. அவற்றை வாசிக்க நால்வர். அவர்கள் அமர ஓர் அறை. அவ்வளவே. அறைக்கென்றே பிறந்த இசையாதலால் அறையிசை என்று அதனைத் தமிழில் வழங்கலாம். முதல் வயலின் ஒன்றைச் சொல்லும். செல்லோ அதற்கு மறுமொழி கூறும். நடுவில் இருக்கும் வயோலா இரண்டையும் கேட்டுத் தன் கருத்தை மெல்ல முன்வைக்கும். நண்பர் நால்வர் கூடிப் பேசும் பேச்சைப் போன்றது அது. யார் பேசுகிறார், எங்கிருந்து பேசுகிறார், யாரை நோக்கிப் பேசுகிறார் என்பது தெரிந்தால்தான் பேச்சின் சுவை முழுமையாக விளங்கும்.

இவ்விசையின் நல்ல ஒலிப்பதிவு ஒன்றை இரு ஒலிபெருக்கிகளில் ஒலிக்கவிட்டு, அவற்றுக்கு எதிரே நடுவில் அமர்ந்து கண்களை மூடிக்கொள்ளுங்கள். இடப்புறம் முதல் வயலின், அதற்குச் சற்று உள்ளே இரண்டாம் வயலின், வலப்புறம் செல்லோ. வயோலா எங்கே? இரு பெட்டிகளுக்கும் இடையே, பெட்டி எதுவும் இல்லாத வெற்று வெளியில் அது நின்று பாடுகிறது. விரல் நீட்டிக் காட்டிவிடலாம் போலிருக்கும். கண் திறந்து பார்த்தால் அங்கே சுவர்தான் இருக்கும்.

இல்லாத இடத்தில் ஒலியை நிறுத்தும் இந்த வித்தையை 1931ஆம் ஆண்டில், தம் இருபத்தெட்டாம் வயதில், எழுத்தில் வகுத்து வைத்தவர் ஆலன் டௌவர் புளூம்லைன். ஒலிப்பதிவுக் கலைஞர் நடுவே இன்று அவர் பெயர் அன்றாடம் வழங்குகிறது. அவர் காட்டிய முறையில் வைக்கப்படும் இரு ஒலிவாங்கிகளுக்குப் புளூம்லைன் இணை என்றே பெயர். ஆயினும் அவர் மறைந்தபோது அந்தச் செய்தியைக்கூட நாடு அறியவில்லை. கவிஞர்கள் கூடும் வட்டத்தின் மலரில் ஒரு மின்பொறியாளரின் வாழ்வு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். சொல்லை நம்பி வாழ்கின்ற நமக்கு, ஒலியை நம்பி வாழ்ந்த ஒருவர் அந்நியர் அல்லர் என்பதே விடை.

பிறப்பும் கல்வியும்

புளூம்லைன் 1903ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் லண்டன் மாநகரின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். தந்தை செம்மி புளூம்லைன் ஜெர்மனியில் பிறந்து, பிரிட்டனில் குடியேறி அந்நாட்டுக் குடிமகன் ஆனவர். தாய் ஜெஸ்ஸி டௌவர், தென்னாப்பிரிக்காவில் சமயப் பணி ஆற்றிய ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் மகள். தாயின் குலப்பெயரே மகனின் நடுப்பெயராக நின்றது. ஆலனுக்குப் பதினொரு வயதானபோது, முதல் உலகப் போர் மூண்ட 1914ஆம் ஆண்டிலேயே, தந்தை காலமானார். பிறந்த நாடும் புகுந்த நாடும் ஒன்றையொன்று அழிக்கப் புறப்பட்ட அந்தப் போரை அவர் காண நேரவில்லை. மகன் கண்டார், பின்னர் மற்றொரு போரையும் கண்டார்.

சிறுவயதுக் கதை ஒன்று குடும்பத்தில் வழங்கி வந்தது. ஏழு வயதுப் பையன் வீட்டு வாயில் மணியைப் பழுது பார்த்துவிட்டு, செய்த வேலைக்கு முறையாக ஒரு ரசீது எழுதி, மின்பொறியாளர் என்று தம் பெயருக்குக் கீழே குறித்துத் தந்தையிடம் நீட்டினாராம். இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. பன்னிரண்டு வயதுவரை அவருக்குச் சரளமாக வாசிக்க வராது என்று அவருடைய தமக்கை சொல்லி வந்தார். அதை அவர் மறுத்ததில்லை. ஆனால் அந்த வயதில் தமக்கு இருபடிச் சமன்பாடுகள் நிறையத் தெரியும் என்று வேடிக்கையாகச் சேர்த்துக்கொள்வார். எழுத்து தாமதமாக வந்தவரிடம் எண்ணும் ஒலியும் முன்னதாகவே வந்து சேர்ந்திருந்தன.

ஹைகேட் பள்ளியில் படிப்பை முடித்து, உதவித்தொகை பெற்று, லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சார்ந்த சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1923இல் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு தொலைபேசிக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் பணியேற்றார். பின்னாளில் ஸ்டாண்டர்டு டெலிபோன்ஸ் அண்ட் கேபிள்ஸ் எனப் பெயர் பெற்ற நிறுவனம் அது.

அங்கே அவர் செய்த பணி இரண்டு வகை. மனிதச் செவி எந்த அதிர்வெண்ணை எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்று அளந்தது ஒன்று. நெடுந்தொலைவுத் தொலைபேசிக் கம்பிகளில் ஒரு கம்பியின் பேச்சு பக்கத்துக் கம்பியில் கசிந்து குழப்புவதைத் தடுத்தது மற்றொன்று. ஒரு குரல் மற்றொரு குரலோடு கலந்து சிதையாமல் காப்பது எப்படி? அன்று தொழிலுக்காக அவர் விடை தேடிய இந்தக் கேள்வி, பின்னர் இசைத்தட்டுப் பணியிலும் அவரைத் தொடர்ந்து வந்தது.

இசைத்தட்டின் அன்றைய நிலை

அவர் இசைத்தட்டுத் துறைக்குள் வந்த காலத்தின் நிலையைச் சற்றுக் காண்போம். 1925க்கு முன் ஒலிப்பதிவில் மின்சாரத்துக்கு இடமே இல்லை. பெரிய கொம்பு ஒன்றின் வாயருகே கலைஞர்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். அவர்கள் எழுப்பும் ஒலியின் வலுவே ஒரு சவ்வை அசைத்து, அந்த அசைவே ஊசியை உந்தி, மெழுகுத் தட்டில் பள்ளம் கீறும். ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேற்பட்ட ஒலிகள் அதில் சரிவரப் பதியா. வயலினின் ஒலி போதாமையால் மரப்பெட்டிக்குப் பதிலாக உலோகக் கொம்பு பொருத்திய வயலின்களை வாசித்தார்கள். மென்மையும் நுண்மையுமே உயிரான அறையிசைக்கு அந்தக் கொம்பு ஏற்ற இடம் அன்று.

1925இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் முறை வந்தது. ஒலிவாங்கியும் மின்பெருக்கியும் புகுந்தன. பதிவாகும் அதிர்வெண் 5,000 ஹெர்ட்ஸ் வரை உயர்ந்தது. ஆனால் அந்த முறையில் தட்டு வெட்டிய ஒவ்வொரு நிறுவனமும் அமெரிக்க உரிமையாளருக்குக் கப்பம் கட்ட வேண்டியிருந்தது. லண்டனில் இருந்த கொலம்பியா கிராஃபஃபோன் நிறுவனம் இந்தச் சுமையிலிருந்து விடுபட விரும்பியது. அதன் ஆய்வுத் துறையில் தலைமை வகித்தவர் ரஷ்யாவில் பிறந்த பொறியாளர் ஐசக் ஷோயன்பர்க். 1929இல் புளூம்லைன் அவரிடம் வந்து சேர்ந்தார்.

அமெரிக்கர் காப்புரிமையைத் தொடாமல் தட்டு வெட்டும் புதிய கருவி ஒன்றை ஆக்குவதே அவருக்குத் தரப்பட்ட முதல் வேலை. பழைய கருவியில் ஊசியோடு இரும்புத் துண்டு அசையும். அதன் தேவையற்ற துடிப்பை ரப்பர் கொண்டு அடக்குவார்கள். ரப்பர் வெப்பத்துக்கும் வயதுக்கும் ஏற்பத் தன் குணம் மாறும். புளூம்லைன் அசையும் இரும்பையும் விட்டார், ரப்பரையும் விட்டார். காந்தப் புலத்தில் அசையும் கம்பிச்சுருளை வைத்து, அதன் துடிப்பை மின்சாரத்தாலேயே அடக்கினார். கப்பத்திலிருந்து தப்பப் புறப்பட்டவருக்கு முன்னதை விடச் சிறந்த கருவியே கிடைத்துவிட்டது. தம் தோழர் ஹோல்மனோடு சேர்ந்து அசையும் சுருள் கொண்ட ஒலிவாங்கி ஒன்றையும் உருவாக்கினார். இருவர் பெயர்களின் முதலெழுத்துகளே அதற்குப் பெயராயின.

1931இல் கொலம்பியாவும் அதன் போட்டி நிறுவனமான கிராமஃபோன் கம்பெனியும் இணைந்து இ.எம்.ஐ. ஆயின. லண்டனுக்கு மேற்கே ஹேய்ஸ் என்ற ஊரில் ஆய்வுக்கூடம் அமைந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடம் திறக்கப்பட்டது. இசையமைப்பாளர் எல்கர் தாமே அங்கே வாத்தியக் குழுவை நடத்தித் தொடக்கம் செய்தார். அந்தப் பத்தாண்டில் புரோ ஆர்ட்டே நால்வர் குழு ஹைடனின் படைப்புகளைச் சந்தாதாரர்களுக்காக வரிசையாகப் பதிவு செய்தது. ஷ்னாபெல் பேத்தோவனின் பியானோ சொனாட்டாக்கள் முப்பத்திரண்டையும் பதிவு செய்தார். தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். இசையை நான்கு நிமிடத் துண்டுகளாக வெட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. இன்று அவற்றைக் கேட்போர், இரைச்சலையும் தாண்டி வந்து நெஞ்சைத் தொடும் வாசிப்பை உணர்வர். ஆயினும் அந்தத் தட்டுகளில் நான்கு கருவிகளும் ஒரே புள்ளியிலிருந்துதான் ஒலிக்கின்றன. நால்வரும் ஒருவர் மடியில் ஒருவர் அமர்ந்து வாசித்தது போல.

திரையரங்கில் தோன்றிய எண்ணம்

1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள், பின்னர் தம் மனைவியான டோரீன் லேனோடு புளூம்லைன் திரைப்படம் பார்க்கச் சென்றார். பேசும்படம் அப்போது புதிது. நடிகர் திரையின் ஒரு பக்கத்தில் நிற்கிறார். குரலோ வேறு பக்கத்திலிருந்து வருகிறது. பார்வையற்ற ஒருவர் இதைக் கேட்டால் குழம்பிப் போவாரே என்று புளூம்லைன் வருந்தினார். நடிகர் நடக்கும்போது குரலும் அவரோடு நடக்கச் செய்ய வழி தெரியும் என்றும் டோரீனிடம் சொன்னார். அவ்வாண்டு கோடையின் இறுதியில் ஷோயன்பர்க்கிடம் திட்டத்தை விளக்கினார். டிசம்பர் 14ஆம் நாள் காப்புரிமை விண்ணப்பம் பதிவாயிற்று. 1933 ஜூனில் 394,325 என்ற எண்ணோடு அது ஏற்கப்பட்டது. எழுபது உரிமைக் கோரிக்கைகள் கொண்ட அந்த ஆவணம், பின்னர் ஸ்டீரியோ என்று உலகம் அழைத்த கலைக்கு இலக்கணமாக அமைந்தது.

அதன் சாரம் இது. நம் இரு செவிகளுக்கும் இடையே ஒரு சாண் தூரமும் இல்லை. இடப்புறத்து ஒலி இடச்செவிக்கு முதலில் வரும்; வலச்செவிக்கு ஓர் இம்மி பிந்தி வரும். மிகப் பெரிய பிந்தலே ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தாழ்ந்த சுரங்களில் இந்தக் காலப் பிந்தலையும், உயர்ந்த சுரங்களில் தலை மறைப்பதால் வரும் வலு வேறுபாட்டையும் கொண்டே ஒலி வரும் திசையை மூளை அறிகிறது. அப்படியானால் இரு ஒலிவாங்கிகளை இரு செவிகள் போல வைத்து, இரு ஒலிபெருக்கிகளில் ஒலித்தால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். அறையில் ஒலிக்கும்போது வலப்பெட்டியின் ஒலி வலச்செவிக்கு மட்டுமன்றி இடச்செவிக்கும் போகிறது. இடப்பெட்டியின் ஒலியும் அவ்வாறே. இரண்டும் கலந்து திசை குழம்புகிறது.

பிறர் தடை என்று கண்ட இக்கலப்பையே புளூம்லைன் கருவியாக்கிக்கொண்டார். இரு பெட்டிகளுக்கும் ஒரே நேரத்தில், ஆனால் வலுவில் மட்டும் வேறுபட்ட ஒலியைக் கொடுத்தால், நான்கு வழிகளில் இரு செவிகளை அடையும் அவ்வொலிகள் தாழ்ந்த சுரங்களில் தாமே கூடி, காலப் பிந்தலாகச் செவியில் உருமாறுகின்றன என்று கணக்கிட்டுக் காட்டினார். வலு வேறுபாடு கால வேறுபாடாக மாறும் இந்தக் கணக்கே அவர் கண்டுபிடிப்பின் உயிர்நாடி.

ஆகவே அவர் ஒலிவாங்கிகளைத் தள்ளித் தள்ளி வைக்கச் சொல்லவில்லை. முன்னும் பின்னும் கேட்டு, பக்கவாட்டில் கேளாத இரண்டு ஒலிவாங்கிகளை ஒரே இடத்தில், ஒன்றுக்கொன்று செங்கோணமாக, ஒன்று இடமும் ஒன்று வலமும் நோக்க வைக்கலாம் என்றார். ஒரே புள்ளியில் நிற்பதால் இரண்டையும் ஒலி ஒரே கணத்தில் அடையும். திசைக்கேற்ப வலு மட்டும் மாறும். இவ்விரண்டையும் ஒரே தட்டில் பதிக்கவும் வழி சொன்னார். பள்ளத்தின் இரு சுவர்களும் தட்டின் பரப்புக்கு நாற்பத்தைந்து பாகை சாய்ந்து, தமக்குள் செங்கோணமாக நிற்கும். ஒரு சுவரில் இடம். மறு சுவரில் வலம். ஒற்றைப் பள்ளத்தில் ஒற்றை ஊசி இரண்டையும் ஒருங்கே படித்துவிடும்.

சோதனைகளும் நிறுத்தமும்

1933இல் டோரீனை மணந்தார். ஆண்மக்கள் இருவர் பிறந்தனர். குதிரையேற்றமும் விமானம் ஓட்டுவதும் அவருக்கு விருப்பமான பொழுதுபோக்குகள். கூர்த்த மதி இல்லாதவர்களோடு அவருக்குப் பொறுமை குறைவு என்று நண்பர்கள் கேலி பேசுவதுண்டு. அந்தக் குணத்துக்கு ஒரு நோயின் பெயரைப் போல அவர் பெயரையே சூட்டியிருந்தார்கள். மணப்பெண்ணுக்குத் திருமணத்துக்கு முன்பே இந்த எச்சரிக்கை வந்து சேர்ந்ததாம்.

அவ்வாண்டு டிசம்பரில் ஹேய்ஸ் ஆய்வுக்கூட அரங்கில் முதல் இருதடத் தட்டுகள் வெட்டப்பட்டன. பெரிய இசை எதுவும் அவற்றில் இல்லை. ஆய்வாளர்கள் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பேசுகிறார்கள். குரல் அவர்களோடு நடக்கிறது. 1934 ஜனவரியில் ஆபி ரோடு கூடத்தில் தாமஸ் பீச்சம் நடத்த, லண்டன் பில்ஹார்மோனிக் குழு மோட்சார்ட்டின் ஜூப்பிடர் சிம்ஃபனியை வாசிக்கையில், புளூம்லைனின் கருவி ஓரமாக நின்று அதைப் பதிவு செய்தது. 1935இல் குறும்படங்கள் சிலவும் எடுத்தார்கள். அவற்றுள் ஒன்று ஹேய்ஸ் நிலையத்தில் ரயில்கள் வருவதையும் போவதையும் காட்டும். நீராவி மூச்சு திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடுகிறது. திரையரங்கில் தோன்றிய எண்ணம் நான்கே ஆண்டில் திரையில் நிறைவேறியது.

அத்தோடு பணி நின்றது. உலகெங்கும் பொருளாதார மந்தம். ஒற்றைத் தட்டையே வாங்க ஆளில்லாத நேரத்தில் இரட்டைப் பெட்டியை யார் வாங்குவார்? நிறுவனத்தின் முழு வலிமையும் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பியது. புளூம்லைனும் அங்கே அழைக்கப்பட்டார். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அதே காலத்தில் ஸ்டோகோவ்ஸ்கியின் வாத்தியக் குழுவைக் கொண்டு வேறு வழியில் இத்தகைய சோதனைகள் நடந்தன. அவையும் கடைக்கு வரவில்லை.

தம் அரிய கண்டுபிடிப்பு அலமாரிக்குள் போனதைப் பற்றி அவர் மனம் கசந்ததற்கு அடையாளம் இல்லை. கொடுத்த வேலையில் முழுமையாக ஆழ்ந்தார். 405 வரிகள் கொண்ட இ.எம்.ஐ. தொலைக்காட்சி முறையின் மின்சுற்றுகளில் பெரும்பகுதி அவருடைய மூளையில் பிறந்தது. 1936 நவம்பர் 2ஆம் நாள் பி.பி.சி. அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. பேர்டு என்பாரின் 240 வரி முறையும் இந்த முறையும் சில வாரம் போட்டியிட்டன. 1937 பிப்ரவரியில் பேர்டு முறை கைவிடப்பட்டது. வெற்றி பெற்ற முறை 1985 வரை பிரிட்டனில் நீடித்தது. வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் 128. கணக்கிட்டால் பணிக்காலத்தில் ஏறத்தாழ ஏழு வாரத்துக்கு ஒன்று வரும்.

போரும் மறைவும்

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஒலியின் திசையறியும் கலை இப்போது வேறு வேலைக்கு அழைக்கப்பட்டது. இரவில் வரும் பகை விமானத்தின் இரைச்சலைக் கேட்டு அது வரும் திசையைக் கண்ணுக்குத் தெரியும் குறியாகக் காட்டும் கருவியில் அவர் பணியாற்றினார். வயோலாவின் இடத்தைக் காட்டிய கணக்கு விமானத்தின் இடத்தைக் காட்டியது. பின்னர் ராடார்ப் பணி. மேகத்தையும் இருளையும் ஊடுருவி, கீழே உள்ள நிலத்தின் உருவத்தை விமானத்திலிருப்போருக்குத் திரையில் காட்டும் எச்-2-எஸ் என்ற கருவி அப்போது உருவாகி வந்தது.

1942 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை. அக்கருவியைச் சோதிக்க டெஃபோர்டு விமானத்தளத்திலிருந்து ஹாலிஃபாக்ஸ் விமானம் ஒன்று எழுந்தது. புளூம்லைனும் அவருடைய இ.எம்.ஐ. தோழர்களான சிசில் பிரௌன், ஃபிராங்க் பிளைதென் இருவரும் அதில் இருந்தனர். திரும்பும் வழியில் எஞ்சின் ஒன்றில் தீப்பற்றியது. எஞ்சின் வால்வைச் சார்ந்த ஒரு சிறு திருகு, முன்னர் நடந்த பராமரிப்பின்போது சரியாக முடுக்கப்படாததே காரணம் என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. தீயை அணைக்க இயலவில்லை. வை ஆற்றங்கரையில் வெல்ஷ் பிக்னர் என்ற சிற்றூரின் அருகே விமானம் தலைகீழாக வீழ்ந்து எரிந்தது. அதிலிருந்த பதினொருவரும் மாண்டனர். புளூம்லைனுக்கு முப்பத்தொன்பது வயது நிறைய இருபத்திரண்டு நாள் இருந்தது.

கருவி இரகசியம், ஆகவே மரணமும் இரகசியம். எதிரி அறிந்துவிடக் கூடாது என்பதற்காக விபத்துச் செய்தி வெளியிடப்படவில்லை. ஒவ்வொரு ஒலிக்கும் அதற்குரிய இடத்தைத் தேடித் தந்தவருக்கு, அவர் இறந்த நாளில், செய்தித்தாளில் ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. இளம் மனைவியும் இரு சிறுவர்களும் தம் துயரை ஊரோடு பகிர்ந்துகொள்ள வழியின்றி வாழ்ந்தனர்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் உயிரைக் கொடுத்த அக்கருவி 1943 ஜனவரி இறுதியில் முதன்முதலாகப் போரில் பயன்பட்டது. தாக்கப்பட்ட நகரம் ஹாம்பர்க். அவருடைய தந்தை பிறந்த நாட்டின் நகரம். அதே வகை ராடார் அட்லாண்டிக் கடலில் நீர்மூழ்கிகளைக் கண்டறிந்து கப்பல்களைக் காத்ததும் உண்மை. நகரங்களின் மீது இரவில் நெருப்பு விழ வழி காட்டியதும் உண்மை. நாஜிக் கொடுமையை எதிர்த்து நின்ற நாட்டின் பொறியாளர் அவர். அவர் தந்தைவழி முன்னோர் யூதர். அவருக்கு வேறு தெரிவு இருந்ததா என்று எளிதாகத் தீர்ப்புக் கூற நம்மால் ஆகாது. ஆயினும், குரலுக்கு இடம் தேடிய அறிவே குண்டுக்கும் இடம் தேட நேர்ந்த அவலம் அவர் வாழ்வின் பிரிக்க முடியாத பகுதி. அதை விட்டுவிட்டு எழுதினால் இது வாழ்க்கை வரலாறு ஆகாது, வெறும் புகழுரையாகிவிடும்.

மறைவுக்குப் பின்

போர் முடிந்தது. காந்த நாடாவும் நீண்ட நேரம் ஒலிக்கும் தட்டும் வந்தன. 1957இல் அமெரிக்க வெஸ்ட்ரெக்ஸ் நிறுவனம் ஒரே பள்ளத்தின் இரு சுவர்களில் இரு தடங்களைப் பதிக்கும் முறையை முன்வைத்தது. மறு ஆண்டு உலகமே அதை ஏற்றுக்கொண்டது. நாற்பத்தைந்து பாகைச் சாய்வு, செங்கோணச் சுவர், ஒற்றை ஊசி. எல்லாம் கால் நூற்றாண்டுக்கு முந்தைய ஆங்கிலக் காப்புரிமை ஒன்றில் இருப்பதை அப்போதுதான் பலர் கண்டனர். 1958இல் அமெரிக்க ஒலிப்பொறியியல் சங்கத்தின் இதழ் அந்தக் காப்புரிமையை முழுமையாக மறுபதிப்புச் செய்தது. எழுதியவர் இறந்து பதினாறு ஆண்டு ஆகியிருந்தது.

1977இல் ஈலிங் பகுதியில் அவர் வாழ்ந்த வீட்டில் நீல நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. 2015இல் ஆபி ரோடு கூடத்தில் மின்பொறியாளர் கழகம் ஒரு பலகை நாட்டியது. 2017இல் கிராமி அமைப்பின் தொழில்நுட்ப விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. பலகையும் விருதும் நல்லவையே. ஆனால் அவருக்கு உரிய நினைவுச்சின்னம் வேறிடத்தில் இருக்கிறது.

இன்று அறையிசையை மிகுந்த துல்லியத்தோடு பதிவு செய்வோர் உள்ளனர். 1982இல் வந்த குறுந்தட்டு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்கங்களில் எழுதியது. இவர்களோ நொடிக்கு 96,000 முறையும் 1,92,000 முறையும் அளந்து, 24 இலக்கங்களில் எழுதுகிறார்கள். வில் கம்பியைத் தொடுமுன் எழும் சிறு உரசல், வாசிப்பவர் மூச்சு இழுக்கும் ஓசை, தாள் புரளும் சரசரப்பு, கடைசிச் சுரம் கூரையில் மோதி அடங்கும் வரையிலான மெல்லிய வால் எல்லாம் அதில் அகப்படும். ஆகவே தெருவில் வண்டி ஓடாத வேளை பார்த்து, பழைய மாதா கோயில்களைத் தேடிச் செல்கிறார்கள். கிறீச்சிடும் நாற்காலியை மாற்றுகிறார்கள். விளக்கின் ரீங்காரத்துக்கும் அஞ்சுகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு, ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதற்கு இலக்கங்களால் விடை இல்லை. கருவிக்கு ஒன்றாகப் பல ஒலிவாங்கிகளை வைத்து, பின்னர் மேசையில் அமர்ந்து விருப்பம்போல் கூட்டிக் குறைக்கும் வழி ஒன்று. புளூம்லைன் இணை ஒன்றை மட்டும் நால்வருக்கும் எதிரே நிறுத்தும் வழி மற்றொன்று. இரண்டாம் வழியில் பிறகு திருத்த இயலாது. செல்லோ மிகுந்தால் செல்லோக்காரர் நாற்காலியைப் பின்னே நகர்த்த வேண்டும். வயோலா தேய்ந்தால் மற்ற மூவரும் அவருக்கு வழிவிட்டு வாசிக்க வேண்டும். அந்த இணை முன்னே கேட்பதைப் போலவே பின்னேயும் கேட்கும். ஆதலால் அறை மோசமாக இருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடும். பல மணி நேரம் பொறுமையாக நாற்காலிகளை நகர்த்தி, ஓரங்குலம் உயர்த்தி, ஓரங்குலம் தாழ்த்தி, நால்வரும் தத்தம் இடத்தில் நின்று ஒலிக்கும் கணம் வாய்க்கும்போது, பதிவு செய்பவர் எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொள்கிறார். இரு பெட்டிகளுக்கு நடுவே, ஒன்றும் இல்லாத வெளியில், வயோலா எழுகிறது. அவ்வெளியே ஆலன் புளூம்லைனின் நினைவுச்சின்னம்.

நல்ல கவிதையிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் உண்டு. அடித்துத் திருத்த இயலாத இடம். எழுதியவர் மறைந்தபின் அச்சொல் தன் இடத்திலிருந்து தானே பேச வேண்டும். வாழ்நாளில் புகழ் வந்ததா, இறந்த அன்று நாலு வரிச் செய்தி வந்ததா என்பதெல்லாம் பிறகு. முப்பத்தெட்டு ஆண்டே வாழ்ந்த அந்தப் பொறியாளரை எண்ணும்போது, பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் கவிஞர்களுக்கு இந்த ஒரு நினைவாவது மனத்தில் தங்குமாயின், இக்கட்டுரை எழுதிய பயனைப் பெற்றவனாவேன்.